காலைப் புரதமும் டோபமின் கணக்கும்

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., உள்ளவர்களுக்குக் காலையில் புரதம் நிறையக் கொடுக்க வேண்டும் என்ற ஆலோசனை பெற்றோரிடையே பரவியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: இவர்கள் மூளையில் டோபமின் போதவில்லை, புரதம் சாப்பிட்டால் டோபமின் ஊறும், ஆகவே முட்டையே மருந்து. ஆலோசனை நல்லதுதான், விளக்கம்தான் சோதித்தால் நிற்கவில்லை. பலன் கிடைத்தால் விளக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால், அந்த உணவிடம் எதை எதிர்பார்ப்பது, பலனை எப்படி அளப்பது என்பதெல்லாம் விளக்கத்தைப் பொறுத்தே அமைகிறது.

டோபமின் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. புரதம் செரிக்கும்போது டைரோசின் என்ற அமினோ அமிலம் கிடைக்கிறது. அதிலிருந்துதான் மூளை டோபமினையும் நார்அட்ரினலினையும் தயாரிக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் மருந்தும் இந்த இரண்டு வேதிப்பொருள்களின் மீதுதான் வேலை செய்கிறது. ஆனால், தட்டிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் இரண்டு தடைகள் உண்டு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் டைரோசினைக் கடத்தும் புரதமே லியூசின், டிரிப்டோபன் போன்ற மற்ற அமினோ அமிலங்களையும் கடத்துகிறது; புரத உணவு சாப்பிட்டால் போட்டியாளர்களும் சேர்ந்தே பெருகுகிறார்கள். அதைக் கடந்து உள்ளே போனாலும், டைரோசினை மாற்றும் நொதிக்கு வழக்கமான நாளிலேயே தேவையான அளவு கிட்டத்தட்டக் கிடைத்துவிடுகிறது. டோபமின் கூடினால் அந்த நொதியின் வேகத்தை உடலே குறைத்தும் விடுகிறது. அமெரிக்காவில் 1987-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 12 பெரியவர்களுக்குத் தனி டைரோசினையே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் 8 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆறு வாரத்துக்குள் அது மறைந்துவிட்டது. தனி டைரோசினின் பலனே நிலைக்காதபோது ஒரு முட்டையில் இருக்கும் டைரோசினிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் காலைப் புரதத்துக்கு என்ன வேலை? அதற்கான பதில் பசியில் இருக்கிறது. மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகளின் பரவலான பக்கவிளைவு பசியின்மை. காலையில் மாத்திரை போட்ட குழந்தையின் மதிய டப்பா பல நாள்களில் தொடாமலே வீடு திரும்பும். மருந்தின் வேகம் தணிந்த பிறகு மாலையில்தான் பசி எடுக்கும். எடை கூடுவதும் உயரம் வளர்வதும் சற்று மந்தப்படலாம். அதனால்தான், எடை குறைவது கவலை தரும் அளவுக்கு இருந்தால் மருந்தை உணவோடோ உணவுக்குப் பிறகோ கொடுப்பதை ஒரு வழியாகப் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. எடையையும் உயரத்தையும் தொடர்ந்து அளக்கவும் சொல்கிறது. மாத்திரைக்கு முந்தைய அந்த வேளைதான் பகல் முழுவதையும் தாங்க வேண்டிய உணவு. மருந்து எடுக்காத பெரியவர்களிலும் பலர் வேலையில் மூழ்கிப் பசியைக் கவனிக்காமல் விட்டு, பிற்பகலில் சோர்ந்துபோகிறார்கள். புரதம் வயிற்றில் நெடுநேரம் நின்று பசியைத் தள்ளிப்போடுவதால் இவர்களுக்கும் அது உதவும்.

நாலு இட்லி சாப்பிட்டாலும் வயிறு நிறையுமே என்பது நியாயமான மறுப்பு. நிறையும். மாவுச்சத்தோ சர்க்கரையோ குழந்தையைத் துள்ளவைக்கும் என்ற பயமும் தேவையில்லை. சர்க்கரை பற்றிய பல சோதனைகளைத் தொகுத்து 1995-இல் வெளிவந்த ஆய்வு அப்படியொரு விளைவைக் காணவில்லை. ஆனால், மதியம் உண்ணாத குழந்தைக்கு அன்றைய புரதத்தில் பெரும்பங்கு காலையிலேயே சேர்ந்தாக வேண்டும். 7 முதல் 9 வயது வரையான குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இரண்டு இட்லியில் சுமார் 4 கிராம்தான் இருக்கிறது. கூடவே ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தால் மொத்தம் 16 கிராமை எட்டிவிடும். முட்டை உண்ணாத வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு தாராளமாகச் சேர்த்த அடை, வேர்க்கடலைச் சட்னி ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. விலையுயர்ந்த புரதப் பொடிக்கு இங்கே வேலையே இல்லை.

முட்டை கொடுத்த நாளில் பிள்ளை அமைதியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தோமே என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்கள் பார்த்தது பொய்யில்லை. பசி அடங்கினால் எந்தக் குழந்தையும் சற்று அமைதியாகவே இருக்கும், அதற்கு ஏ.டி.எச்.டி. தணிந்தது என்று பொருளில்லை. காலை உணவிடம் கவனத்தை எதிர்பார்ப்பவர்கள், அது வராதபோது மேலும் மேலும் புரதம் திணிப்பார்கள், அல்லது மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தி உணவை மட்டும் நம்புவார்கள். எடையும் பகல் நேரத் தெம்பும்தான் காலை உணவின் வேலை என்று புரிந்துகொண்டவர்களுக்கு ஒரு எடை மெஷினும் திரும்பி வரும் சாப்பாட்டு டப்பாவுமே போதுமான சான்று. எடை சரியாக ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் பேச வேண்டியது மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றித்தான்.