வாடகை வீட்டு முதலீடு

வாடகை வீட்டு முதலீடு என்பது, தான் குடியிருப்பதற்காக அன்றி, பிறருக்கு வாடகைக்கு விட்டு வருவாய் பெறும் நோக்குடன் வீடு வாங்குவதைக் குறிக்கும். மாத வாடகை, காலப்போக்கில் ஏற்படக்கூடிய விலை உயர்வு ஆகிய இரண்டும் இதன் ஆதாயங்கள். வாடகையே கடனை அடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வீடு வாங்குவோர் தமிழ்நாட்டில் பலர் உள்ளனர். கணக்கு பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை.

வருவாய்க் கணக்கு

எடுத்துக்காட்டாக, 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்கப்பட்டு, மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு விடப்படுவதாகக் கொள்வோம். ஆண்டு வாடகை 2.16 லட்சம், அதாவது விலையில் 3.6%. ஆனால் 2023 ஏப்ரல் முதல் உள்ளபடி முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9%, அதாவது 5.4 லட்சம் கூடுதலாகச் செலவாகும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்து, சொத்துவரிக்கும் பராமரிப்புக்கும் 30,000 ரூபாய் செலவானால், நிகர வருவாய் ஏறத்தாழ 2.6% ஆகக் குறையும்.

இனிக் கடன். இந்திய ரிசர்வ் வங்கி விதிகளின்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டை மீறக்கூடாது. எனவே மேற்கண்ட வீட்டிற்கு 48 லட்சம் கடன் பெறலாம். வட்டி 8.5%, காலம் 20 ஆண்டுகள் எனில் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி மட்டுமே 34,000 ரூபாய். வாடகை அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சியதை உரிமையாளர் தன் சம்பளத்திலிருந்தே செலுத்த வேண்டும். ஆகவே இத்தகைய முதலீடு, உண்மையில், விலை உயரும் என்பதன் மீது வைக்கப்படும் பந்தயமே.

வருமான வரி

சொத்துவரி போக எஞ்சிய வாடகையில் 30%, உண்மைச் செலவு எவ்வளவாயினும், கழிக்கப்படும். கடன் வட்டியையும் கழிக்கலாம். இதனால் ஏற்படும் நட்டத்தைப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் ஈடுசெய்யலாம். புதிய வரி முறையில் இயலாது.

வாடகை ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக்கூடாது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது நெடுநாள் வழக்கம்.

ஒத்தி

மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டைக் குடியிருக்கக் கொடுப்பது ஒத்தி அல்லது போக்கியம் எனப்படும். காலம் முடிந்ததும் தொகை வட்டியின்றித் திருப்பித் தரப்படும். சென்னையில் இதனை லீஸ் என்றும் கூறுவர். தவணைச் சுமை தாளாத உரிமையாளர்கள் சிலர் இம்முறையை நாடுகின்றனர். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் இடர் குடியிருப்பவருக்கே: தவணை தவறி வீடு ஏலத்துக்கு வந்தால் வங்கியின் உரிமையே முந்தும். பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதும், ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும் இதனாலேயே அவசியமாகின்றன.