படகு வாங்குமுன் அகலத்தை அளந்து பாருங்கள்

கனடாவில் இருந்து வந்த ஒரு நிழற்படத்துடன் அந்தக் குடும்பம் எம்மைத் தேடி வந்தது. ஏரி ஒன்றிலே ஓர் அலுமினியப் படகு. அதில் நன்றாகச் சதை போட்ட இரு வெள்ளையர், சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல் இருந்து தூண்டில் போடுகின்றனர். "இப்பிடி ஒண்டு எடுத்தால் இவருக்குச் சரிவரும் எண்டு அண்ணை சொல்லுறார், பாதர். காசும் அனுப்புறாராம்" என்றார் மனைவி. கணவர் ஒன்றும் பேசவில்லை.

அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் எமக்குத் தெரியும். 1990இல், சிறுவனாக, வலிகாமம் வடக்கில் இருந்து பெற்றோருடன் இடம்பெயர்ந்தவர் அவர். மிளகாயும் வெங்காயமும் விளைந்த செம்மண்ணில் பிறந்தவர். இன்று ஊர்காவற்றுறைப் பக்கத்தில் மனைவியின் காணியில் குடியிருக்கிறார். அங்கே கிணறு உவர். தோட்டம் செய்ய வழியில்லாமல் நண்டு வலைக்கு இறங்கினார். ஆறடி உயரம், 95 கிலோவுக்குக் குறையாத உடம்பு. சில வருடங்களுக்கு முன் ஓர் உதவி நிறுவனம் அவருக்கு ஒரு சிறிய படகு கொடுத்தது. எழுந்து நின்று வலையை இழுத்தபோது அது ஒரு பக்கம் சரிந்து கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீர் என்பதால் உயிர் தப்பியது. வலை போயிற்று. கூடப் போன மகனுக்கு நீந்தத் தெரியாது.

அந்தப் படகுக்காகச் சிபார்சுக் கடிதம் எழுதியவர்கள் நாமே. எத்தனை அடி நீளம், எத்தனை குதிரைவலு இயந்திரம் என்று கேட்டோம். எத்தனை அடி அகலம் என்று கேட்கவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

கடலோரத்தில் பிறந்தவன் ஆடும் வள்ளத்தில் கால் பரப்பி நிற்கச் சிறுவயதிலேயே பழகிவிடுகிறான். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படி அல்ல. நாம் தடுமாறும்போது பாரம் முழுவதும் ஒரே பக்கம் விழுகிறது. ஆள் பருமனாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல, கணக்குப் பார்க்க வேண்டிய விடயம்.

வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிலை நினைத்துப் பாருங்கள். இரு சில்லுகளும் நெருங்கி இருந்தால் சிறு பள்ளத்திலும் குடைசாயும். படகும் அப்படித்தான், ஆனால் படகில் அகலத்தின் பலன் இன்னும் பெரிது. நீளத்தை இரட்டித்தால் சரிவை எதிர்க்கும் வலு இருமடங்காகும். அகலத்தை இரட்டித்தாலோ அது எட்டு மடங்காகும். நீர்மட்டத்தில் 4 அடி அகலமான படகை 5 அடி ஆக்கினால், அந்த ஓர் அடிக்காக மட்டும் வலு ஏறக்குறைய இருமடங்கு கூடுகிறது. விற்பவர்கள் நீளத்தையே விலை பேசுகிறார்கள். நீங்கள் நூலைக் கொண்டுபோய் அகலத்தை அளவுங்கள். மேல் விளிம்பில் அளந்து ஏமாறாதீர்கள். வாய் அகன்று அடி ஒடுங்கிய படகுகள் உண்டு. உள்ளே இறங்கி, கால் வைக்கும் தளத்தில் அளவுங்கள்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு நிறை ஏற்றலாம் என்ற தகடு இருக்க வேண்டும். தகடு இல்லாத படகுக்கு அங்குள்ள கரையோரக் காவற்படை ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது: அடியில் நீளத்தை அகலத்தால் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 4 பேர். அதே நீளத்தில் 5 அடி அகலம் என்றால் 6 பேர். இது நல்ல காலநிலைக்கு உரிய கணக்கு. அதில் ஓர் ஆள் என்பது 150 இறாத்தல், அதாவது 68 கிலோ. எனவே 4 பேர் என்பது 272 கிலோ. எமது நண்பர் 95, மகன் 60, உதவிக்கு வருபவர் 70. இதுவே 225 கிலோ ஆகிவிட்டது. ஈர வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம், மண்ணெண்ணெய்க் கான் எல்லாம் இனித்தான். ஒடுங்கிய படகில் நண்டுக்கு இடமில்லை!

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, பாரம் ஏறியபின் விளிம்பு நீருக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். சோளகம் வீசும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். தண்ணீர் பெரும்பாலும் இயந்திரம் பூட்டும் கடையால் பக்கத்தாலேயே உள்ளே வரும். இயந்திரத் தண்டின் நீளத்துக்கு ஏற்ப அந்தப் பலகை 15 அங்குலம் அல்லது 20 அங்குலம் உயரமாக இருக்கும். பாரமான ஆட்கள் போவதென்றால் 20 அங்குலத்தையே எடுங்கள், தண்டும் அதற்குப் பொருந்த வேண்டும். உள்ளே வந்த தண்ணீர் சும்மா கிடக்காது. படகு சரியும் பக்கத்துக்கே ஓடி மேலும் சரிக்கும். இறைக்கும் பட்டையை எப்போதும் கயிற்றில் கட்டி வையுங்கள்.

இனி அலுமினியம். மைத்துனர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது பாரம் குறைவு, இரண்டு மூன்று பேர் கரைக்கு இழுக்கலாம். நெடுந்தீவில் உள்ளதுபோன்ற முருகைக்கல் கரையில் மோதினால் கண்ணாடியிழை வெடிக்கலாம், அலுமினியம் பெரும்பாலும் நெளிந்து தப்பும். பாரம் குறைந்தால் எண்ணெயும் குறையும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்ததை எந்தக் கடற்றொழிலாளி மறப்பான்?

ஆனால் கனடா ஏரியில் இருப்பது நல்ல தண்ணீர், எமது கடல் உப்பு. உப்புநீரில் செம்போ பித்தளையோ அலுமினியத்தைத் தொட்டுக் கிடந்தால் அந்த இடம் அரித்து ஓட்டையாகும். செம்பு கலந்த அடிப்பூச்சு அதற்கு ஆகாது. அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டியை அடியில் பூட்டி, கரைந்ததும் மாற்ற வேண்டும். ஆணி அடித்துப் பொருத்திய படகு நாளடைவில் அந்த ஆணிகளின் வழியே கசியும், ஒட்டுப் பிடித்துச் செய்ததே நல்லது. அந்த ஒட்டு விட்டுப்போனால் சாதாரண இரும்பு ஒட்டுக்காரரால் முடியாது. ஆர்கன் வாயு வைத்து ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். கண்ணாடியிழை வெடித்தாலோ பாயும் பசையும் வாங்கி ஊரிலேயே அடைத்துவிடலாம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. அந்தக் கைவேலை இன்று எமது கரைகளில் பரவலாக இருக்கிறது. திருத்த ஆள் இல்லாத படகு, உதிரிப்பாகம் கிடைக்காத நீரிறைக்கும் இயந்திரம் மாதிரி. எனவே அந்தக் காசுக்கு அகலமான கண்ணாடியிழைப் படகை வாங்குங்கள் என்றோம். மைத்துனருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

எந்தப் படகானாலும் கவிழ்ந்தபின் மிதக்குமா என்று கேளுங்கள். கண்ணாடியிழையும் அலுமினியமும் நீரைவிடக் கனமானவை, தண்ணீர் நிறைந்தால் இயந்திரத்தோடு தாழும். கட்டுமரம் தாழாது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், 1980களில், பெல்ஜிய நாட்டவரான பியர் ஜிலே மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்தார். கட்டுமரத்தில் தொழில் செய்தவர்களுக்கு, தண்ணீர் நிறைந்தாலும் தாழாத படகே வேண்டியிருந்தது. அணியத்திலும் கடையாலிலும் இருக்கைகளின் கீழும் நுரைப்பஞ்சு அடைத்த பெட்டிகள் இருக்க வேண்டும். மூடிய வெற்றுப் பெட்டி போதாது, ஒரு கீறல் விழுந்தால் அது தண்ணீர்ப் பெட்டி.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் தரக்குறைவானவை பல இருந்தன. இலவசம் என்று யாரும் சோதிக்கவில்லை. நீங்கள் காசு கொடுக்குமுன் சோதியுங்கள். இடுப்பளவு தண்ணீரில் படகை விட்டு, உரப்பைகளில் மணல் நிரப்பி, வலைக்கும் பெட்டிக்கும் உரிய பாரத்தை ஏற்றுங்கள். பிறகு வீட்டில் ஆகப் பருமனானவர் ஏறி, வலை இழுப்பதுபோல் ஒரு விளிம்பில் நிற்கட்டும். அந்தப் பக்க விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும் என்பது எமது கணக்கு.

அந்தக் குடும்பம் பார்த்த முதல் படகில் அது நாலு விரலுக்கு வந்தது. விற்பவர் "கடலிலை ஆர் அப்பிடி நிக்கிறது?" என்று சினந்தார். "இவர் நிப்பார்" என்றார் மனைவி. இரண்டாவது படகு பழையது, பூச்சு மங்கியது, ஆனால் தளத்தில் 5 அடிக்குச் சற்று மேல். அது ஒரு சாண் தாண்டியே நின்றது. கடற்றொழில் திணைக்களப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றிய பின்பே அவர் மீதிக் காசைக் கொடுத்தார். 25 குதிரைவலு வேண்டாம், 15 போதும் என்று மிச்சம் பிடித்ததில் மூன்று உயிர்காப்பு அங்கிகள் வாங்கினார்கள். கடையில் முதலில் கொடுத்தது அவருடைய நெஞ்சுக்குப் பூட்டவே இல்லை. பெரிய அளவு வரும்வரை ஒரு கிழமை காத்திருந்துதான் கடலுக்குப் போனார்.