முன்னிலைப் பெயர்களில் நெருக்கமும் மதிப்பும்: தமிழ் 'நீ'யும் சிலாவிய 'தி'யும்

முன்னிற்கும் ஒருவரை ஒருமையால் சுட்டுவதா பன்மையால் சுட்டுவதா என்னும் வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. உருசியம், செக், போலியம் முதலான சிலாவிய மொழிகளிலும் அது நாள்தோறும் எழுகின்றது. இரு மரபுகளையும் ஒப்பநோக்கின், நம் வகுப்பறைகளில் 'நீ' என்னும் சொல்லுக்கு நேர்ந்துள்ள இழுக்குச் சற்றுத் தெளிவாகும்.

தொல்காப்பியம் முன்னிலைப் பெயர்களாக 'நீ', 'நீயிர்' ஆகிய இரண்டையே சுட்டுகின்றது. ஒருவரைப் பன்மையால் கூறுதல் வழக்கில் உயர்த்திச் சொல்வதேயன்றி இலக்கணநெறி அன்று எனக் கிளவியாக்கம் வரையறுக்கின்றது. எனவே, மதிப்புப் பன்மை அக்காலத்திலேயே மக்கள் நாவில் வழங்கிற்று. இலக்கணம்தான் அதற்கு முழு இடம் தரத் தயங்கிற்று. புறநானூற்றில் ஔவையார் அதியமானை 'நீ' என்றே விளிக்கிறார். அதில் மதிப்புக் குறைவு எதுவும் இல்லை. பின்னர், பன்மையாகிய 'நீர்' ஒருவரை மதித்துக் கூறும் பெயராயிற்று. 'கள்' விகுதி பெற்ற 'நீங்கள்' பன்மைக்கென வந்து, அதுவும் நாளடைவில் மதிப்பொருமைக்கு இடம் தந்தது. படர்க்கைக்குரிய 'தாங்கள்' முன்னிலைக்கு வந்ததும் இவ்வழியே.

உருசியத்தில் 'தி' ஒருமை, 'வி' பன்மை. ஒருவரை 'வி' என மதித்துரைக்கும் வழக்கு அங்கு 18ஆம் நூற்றாண்டில் மேலை ஐரோப்பியச் செல்வாக்கால் வேரூன்றியது. போலியமோ பன்மையை நாடாமல், 'ஐயா' எனத்தக்க 'பான்', 'அம்மையார்' எனத்தக்க 'பானி' ஆகிய பெயர்களைப் படர்க்கை வினையோடு ஆளுகின்றது. நம் 'தாங்கள்' இதற்கு ஓரளவு ஒப்பாகும்; எனினும் 'தாங்கள் வந்தீர்கள்' என வினை முன்னிலையிலேயே நிற்கின்றது. செக் மொழியில் இன்னொரு நுட்பம் உண்டு: மதிப்புரையில் துணைவினை பன்மையாகவும் எச்சவினை ஒருமையாகவும் வரும். மரியாதை பன்மை கேட்கிறது, எதிரில் நிற்பவரோ ஒருவர். இவ்விழுபறி அத்தொடரிலேயே பதிந்துள்ளது.

பிரவுன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இத்தகைய பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். அதிகாரத்தின் அச்சு எத்துணைக் கூர்மையானது என்பதற்கு 1917ஆம் ஆண்டு மார்ச்சில் பெட்ரோகிராட் சோவியத்து பிறப்பித்த முதலாம் ஆணை சான்று. படை அதிகாரிகள் வீரர்களைத் 'தி' என்றழைத்தல் கூடாதென அது தடைவிதித்தது. நம் இரப்பர்த் தோட்டங்களில் அத்தகைய ஆணை எதுவும் வந்ததில்லை. தந்தை வயதுடைய பால்வெட்டுத் தொழிலாளியை இளைய கிராணி 'நீ' என்பதும், அவர் 'ஐயா, நீங்க' என்பதும் இயல்பெனக் கொள்ளப்பட்டன. நம்மவர் சிலர் 'நீ' கேட்டாலே முகஞ்சுளிப்பதற்கு இந்நினைவும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் ஒருமைப்பாட்டின் அச்சை மறத்தலாகாது. இக்கட்டுரையாளர் வாழும் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில், தந்தையை 'நீங்க' என்னும் பிள்ளையே தாயை 'நீ' என்கிறது. கணவன் 'நீ' எனவும் மனைவி 'நீங்க' எனவும் வழங்கும் பழைய ஏற்றத்தாழ்வு இளைய இணையரிடம் தளர்ந்து, இருவரும் 'நீ' என்பதைக் கேட்கலாம். உக்ரேனிய ஊர்ப்புறங்களில் பெற்றோரை 'வி' என்றழைத்த வழக்கு அருகி வருவது இதனோடு ஒப்பத்தக்கது. புதிதாய் அறிமுகமான இளைஞர்கள் 'நீ', 'நீங்க' இரண்டையும் தவிர்த்து, தமிழ்த்தொடரின் நடுவே ஆங்கில 'யூ' பெய்து பேசுவது தனி ஆய்வுக்குரியது. தேர்வின் தொல்லையிலிருந்து தப்பும் வழி அது.

யாழ்ப்பாணத் தமிழோ இடைநிலைப் பெயராக 'நீர்' என்பதைப் பேச்சில் இன்றும் காத்துவருகின்றது. நம் பாடநூல்வழிப் பயிலும் மாணவருக்கு அது பழஞ்சொல். யாழ்ப்பாண வழியினர்க்கு வீட்டுச்சொல்.

மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு மேலும் துலங்கும். பூஷ்கின் 1828இல் எழுதிய சிறு கவிதை ஒன்று, காதலி நாத்தவறி 'வி'க்கு மாற்றாகத் 'தி' என்றுவிட்டதையே பொருளாகக் கொண்டது. ஆங்கிலத்தில் அதனைப் பெயர்ப்போர் இடர்ப்படுவர். தமிழில் 'நீங்கள்', 'நீ' எனும் இரு சொற்களே போதும். உருசிய நூல்களை ஆங்கிலவழித் தமிழாக்குவோர் இவ்வளத்தை இழக்க நேர்கின்றது.

'நீ' மரியாதையற்ற சொல் என்று மட்டுமே கற்பிக்கும் ஆசிரியர், தேவாரத்திலும் திருவாசகத்திலும் இறைவன் 'நீ' என விளிக்கப்படுவதை மாணவருக்கு எங்ஙனம் விளக்குவார்? உருசியரும் வழிபாட்டில் இறைவனைத் 'தி' என்றே அழைக்கின்றனர். உரையாடல் எழுதும் பயிற்சியில் 'நீ'யைச் சிவப்பு மையால் அடிக்கும்முன், பேசுவோர் யாவர், அவர்தம் உறவு யாது என மாணவரை வினவுதல் நன்று.