பேரப்பிள்ளையின் காதும் வீட்டுப் புகையும்



பெற்றோர் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே, வீட்டிலுள்ள காற்று அவர்களின் காதை எப்படிப் பாதிக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

புகைக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. நடுக்காதில் சேரும் நீர் இதன் வழியாகத்தான் வடியும். பெரியவர்களுக்கு இக்குழாய் சரிவாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்கோ குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருக்கும். புகை பட்டு உட்சவ்வு வீங்கினால் குழாய் அடைபடும், நீர் தேங்கும், கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். சிகரெட் புகைப்பவர் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்நோய் அதிகம் வருகிறது.

2005 ஆகஸ்டு மாதம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய புகைமூட்டம் எப்போதாவதுதான் வரும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரைவீடானாலும், வீட்டுக்குள் எழும் புகையைப் பிள்ளை தினமும் சுவாசிக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

• வீட்டிலும் காரிலும் சிகரெட், வேப் வேண்டாம். ஜன்னலோரம் நின்று புகைத்தாலும் புகை உள்ளே வரும். புகைப்பதை விட விரும்புவோருக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் உதவி உண்டு.

• குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். மென்மையான துண்டால் துவட்டினால் போதும். பூசையின்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

• கொசுவத்திக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் டிங்கியையும் தடுக்கலாம்.

• புட்டிப்பாலைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். மடியில் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

• காதில் எண்ணெயோ தாய்ப்பாலோ ஊற்றாதீர்கள். பஞ்சுக்குச்சியும் விடாதீர்கள்.

• நிமோகோக்கல் தடுப்பூசி சிலவகைக் காதுத் தொற்றுகளையும் குறைக்கும். 2020 ஜனவரி முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் உண்டு. பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள்.

கூப்பிட்டால் திரும்பவில்லையா?

நடுக்காதில் நீர் தேங்கினால் வலி இல்லாமலே கேட்கும் திறன் குறையலாம். கூப்பிட்டும் திரும்பாத, தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கும் பிள்ளையைப் பிடிவாதம் என்று கண்டிக்காதீர்கள். முதலில் காதைக் காட்டுங்கள். பேசப் பழகும் வயதில் சரியாகக் காது கேட்காவிட்டால் பேச்சும் பின்தங்கும்.

காதுவலி, சீழ், காய்ச்சல் இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்றவற்றின் காது நிபுணரிடம் அனுப்புவார்கள். காதின் பின்புறம் வீங்கிச் சிவந்தால் காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.