எந்தக் கலாசாலை?

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டான். பொறியியற் கலாசாலையில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டத்துக்கு 3 வருஷமே போதும். சில கலாசாலைகள் அழைக்கின்றன. எதை ஏற்பது?

பெற்றோர்களே, கட்டடத்தின் கம்பீரத்தில் மயங்க வேண்டாம். பட்ட வகுப்பின் முதலாண்டுக் கணிதத்தைப் பையன் பயிலவில்லை. மேற்பாடங்களோ அதன்மீதே எழுவன. அக்குறையை நிரப்பத் தனி வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகை, அரசாங்கக் கலந்தாய்வில் பெறும் இடத்துக்கே உண்டு; நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. தினமும் ரயில் மாறி அலைவதில் எத்தனை மணி நேரம் கழியும் என்றும் கணக்கிடுங்கள். பெயருக்காகக் கடன்பட்டுச் சேர்ந்து கணிதத்தில் தவறினால், மிச்சப்பட்ட ஒரு வருஷமும் கைவிட்டுப் போகுமன்றோ?