பாசல் சொல்வதை ரிசர்வ் வங்கி ஏன் கேட்கிறது?

நீங்களோ நானோ கணக்குத் தொடங்க முடியாத வங்கி ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. சர்வதேசத் தீர்வு வங்கி, சுருக்கமாக பிஐஎஸ். 63 மத்திய வங்கிகள் இதன் உறுப்பினர்கள். ரிசர்வ் வங்கி சேர்ந்தது 1996-இல்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் நஷ்டஈட்டை வாங்கிப் பிரித்துக்கொடுக்கத்தான் 1930-இல் இதைத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அந்த வரவு நின்றுபோனது. வங்கி மட்டும் நிலைத்தது.

இதன் வரலாற்றில் ஒரு கறை உண்டு. 1939-இல் ஹிட்லரின் படை பிராகாவைப் பிடித்ததும், செக் தேசிய வங்கி அதிகாரிகளை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். லண்டனில் பிஐஎஸ் பெயரில் இருந்த செக் தங்கம் சுமார் 23 டன், ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் வசம் போனது. உத்தரவு முறைப்படி வந்தது என்பது பாசலின் சமாதானம். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்தில் என்ன முறை? 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு இந்த வங்கியைக் கலைத்துவிடத் தீர்மானமே போட்டது. ஆனால் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகளுக்குள் வரவு செலவைத் தீர்த்துவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டதால் பிழைத்துக்கொண்டது.

இன்றைய செல்வாக்கு 1974 ஜூன் 26-இல் தொடங்குகிறது. அன்று மாலை, ஜெர்மனியில் பட்டுவாடா முடிந்த கையோடு, கொலோன் நகரின் ஹெர்ஸ்டாட் வங்கியின் உரிமத்தை அரசு ரத்து செய்தது. நியூயார்க்கில் அப்போது காலை நேரம். ஜெர்மன் நாணயமான மார்க்கைக் கொடுத்துவிட்டு டாலருக்குக் காத்திருந்த வங்கிகளுக்குப் பணம் வரவில்லை. அந்த ஆண்டே, வங்கிகளுக்கு விதி வகுக்க, பிஐஎஸ்ஸில் கூடும் பாசல் குழு பிறந்தது. 1988-இல் அது ஒரு கணக்குச் சொன்னது: கொடுத்த கடன்களை ஆபத்துக்கேற்ப எடைபோட்டு, அந்தத் தொகையில் 8 சதவீதமாவது வங்கியின் மூலதனமாக இருக்க வேண்டும்.

இந்த விதிக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. மீறினால் பாசலிலிருந்து போலீஸ் வராது. ஆனாலும் நாடுகள் கேட்கின்றன. கேட்காத நாட்டின் வங்கியோடு வெளிநாட்டு வங்கிகள் வரவு செலவு வைக்கத் தயங்கும். ரிசர்வ் வங்கி ஒரு படி மேலே போய் 9 சதவீதம் கேட்கிறது. அதற்கு மேல் 2.5 சதவீதம் பாதுகாப்புக் கையிருப்பும் வேண்டும். வங்கிகளின் காலாண்டு முடிவுகளில் மூலதனப் போதுமை விகிதம் என்று ஒரு வரி வருமே, அந்தக் கணக்குதான் இது.