ஆண்டு விழாவில் மைக் செட்டைக் காக்க

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு தொடங்கியதும் பின்வரிசை மாணவர்கள் மேடையை நோக்கி ஓடிவருவார்கள். ஸ்பீக்கரை யாரும் வேண்டுமென்றே தள்ளுவதில்லை. தரையில் கிடக்கும் ஒயரில் கால் சிக்கினால் ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். பெட்டி ஒன்றே 15, 20 கிலோ இருக்கும். அதன் அருகே உட்கார்ந்திருப்பதோ ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்.

ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குறுக்கே போகவேண்டிய இடத்தில் முழு நீளத்துக்கும் டேப் ஒட்டவேண்டும். ஸ்டாண்டின் கால்களை நன்றாக விரித்து, மேலே மணல் மூட்டை வைக்கலாம். பெஞ்சைத் தடுப்பாகப் போடாதீர்கள், அதன்மேல் ஏறி ஆடுவார்கள்! கயிறு கட்டி, வழக்கமாக முதலில் எழுந்து ஆடும் இரண்டு பெரிய மாணவர்களையே காவலுக்கு நிறுத்துங்கள்.

மிக்சர் அருகே ஓர் ஆசிரியர் இருக்கட்டும். கூட்டம் நெருக்கினால் மைக்கில் அதட்டுவதைவிடப் பாட்டின் ஒலியைக் குறைப்பது விரைவில் பலன் தரும்.